மேடா, பள்ளமா?

புரூஃப் நாணயத்தைக் கையில் எடுத்தால் அதன் வெற்றுப் பரப்பு கண்ணாடிபோல் நம் முகத்தைக் காட்டும். தலையும் எழுத்தும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக மேலெழுந்து நிற்கும். செலவழிக்க அடித்த காசு அல்ல இது, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தது. அமெரிக்காவில் 1968 முதல் இந்த வேலை பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் நடக்கிறது. காசில் உள்ள ‘எஸ்’ என்ற சிறிய எழுத்து அதன் முத்திரை.

புரூஃப் காசுக்கான அச்சின் தட்டைப் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவம் குழிந்திருக்கும் இடத்தைச் சொரசொரப்பாக்குவார்கள். மெருகிட்ட உலோக வில்லையை வைத்துக் குறைந்தது இரண்டு முறை அழுத்துவார்கள். இத்தனை கவனத்தையும் மீறிக் குறை வந்துவிடுகிறது. சாதாரணக் காசில் கண்ணுக்குத் தப்பிவிடும் குறை, இந்தப் பளபளப்பில் பளிச்சென்று தெரியும்.

குறையைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேடா, பள்ளமா? அச்சில் குழிந்திருப்பது காசில் மேடாகும். அச்சில் ஒரு கீறலோ விரிசலோ இருந்தால் உலோகம் அதற்குள் புகுந்து காசில் கோடாக எழும். ஆகவே மேடான கோடு நாணயச்சாலையில் பிறந்தது. பள்ளமான கோடு பெரும்பாலும் பிற்பாடு யாரோ தேய்த்ததால் விழுந்தது.

லிங்கனின் முகம் பொறித்த ஒரு சென்ட் காசை விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் பாருங்கள். முகத்துக்கு முன்னால் மெல்லிய கோடுகள் தெரியலாம். அவை மூக்கின் ஓரத்தோடு நின்றுவிட்டால் அச்சை மெருகேற்றியபோது விழுந்தவை; மெருகேற்றும் கருவி தட்டைப் பரப்பைத் தொடுமே தவிர, குழிந்த உருவத்துக்குள் இறங்குவதில்லை. கோடு தாடியின் மேலும் ஏறி ஓடினால், காசைத் துடைத்த கை போட்ட கீறல் அது.

பள்ளத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அச்சைத் துடைத்த துணியிலிருந்து ஓர் இழை உதிர்ந்து அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அதன் வளைவும் சுருளும் அப்படியே காசில் பதிந்துவிடும். கீறல் நேராக ஓடும். இழையின் தடம் நூல்போலவே நெளியும்.

எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் இன்னும் நிதானம் வேண்டும். தாய் அச்சைக் கொண்டு வேலை அச்சை உருவாக்கும்போது, இரண்டாம் அழுத்தம் சற்று விலகி விழுந்தால் அச்சிலேயே எழுத்து இரட்டிக்கும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசுகளிலும் எழுத்து உருண்டையாக, முனைகள் பிளந்து நிற்கும். 1971-எஸ் புரூஃப் சென்ட்டில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. அடிக்கும் நொடியில் அச்சு அசைந்தால் வருவது வேறு வகை. அது எழுத்தின் ஓரத்தைச் சப்பையாக்கிப் படிக்கட்டுபோல் ஆக்கும்; எழுத்தும் மெலிந்துவிடும். முதல் வகைக்குத்தான் மதிப்பு.

‘எஸ்’ எழுத்தே இல்லாத புரூஃப் காசுகளும் உண்டு. ஒரு காலத்தில் ‘எஸ்’ முத்திரையை ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். ஓர் அச்சில் அது விடுபட்டுப்போனால், அந்த அச்சில் பிறந்த காசுகள் எல்லாம் முத்திரை இல்லாமல் வெளியே வந்தன. 1968, 1970, 1975, 1983 ஆகிய ஆண்டுகளின் டைம் எனப்படும் பத்து சென்ட் காசுகள் சிலவற்றில் இப்படி நடந்தது. 1975-இல் வந்தவற்றில் இதுவரை தெரிந்தவை இரண்டே. அவற்றில் ஒன்று 2024-இல் 5 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. 1990-இல் சில புரூஃப் சென்ட்டுகளும் ‘எஸ்’ இல்லாமல் வெளிவந்தன. ஆனால் எழுத்து இல்லை என்பது மட்டுமே போதாது. பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த 1990-ஆம் ஆண்டின் சாதாரணச் சென்ட்டிலும் எழுத்து கிடையாது. கண்ணாடிப் பரப்பும் பனி படர்ந்த உருவமும் சேர்ந்திருந்தால்தான் அது அரிய காசு.

இத்தனையும் பார்த்த பிறகு, காசில் ஒரு மங்கலோ தூசோ தெரிந்தால் துடைக்கக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து துடைக்காதீர்கள். மேடான கோடுகள் அச்சின் கதையைச் சொல்கின்றன. அவற்றின் குறுக்கே நாம் போடும் பள்ளம் அந்தக் கதையை அழிக்கும். அதை நிரப்ப எந்த நாணயச்சாலையாலும் முடியாது.