தும்மலும் இளைப்பும்

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. "சளிதான், வெயில் ஏறினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

மூக்கும் நுரையீரலும் ஒரே சுவாசப் பாதைதான். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கு. அது அடைத்துக்கொண்டால் வறண்ட காற்று வாய்வழியே நேராக உள்ளே போகிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று 'அரியா' எனும் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் 2001-லேயே சொல்லிவிட்டது. நாம்தான் இன்னும் மூக்கை லேசாக நினைக்கிறோம்!

தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், ஒவ்வாமையைத் தூண்டும் தூசிப்பூச்சி குறையும். இன்ஹேலர் எடுத்தும் இரவில் இளைப்பு அடங்கவில்லையா? மருத்துவரிடம் மூக்கைப் பற்றியும் சொல்லுங்கள்.