உஷார்! அந்த 'கோல்டு ஸ்டார்' ஒரிஜினல்தானா?

'பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார், டிபிடி34, 500 சிசி, ஒரிஜினல்.' பிரிட்டனில் பழைய பைக் விளம்பரங்களில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் கை பர்ஸைத் தேடுகிறதா? நிறுத்துங்கள்! படத்தில் குரோம் டேங்க் மின்னுகிறது, அதன்மேல் நட்சத்திரச் சின்னம். அந்தச் சின்னம் உதிரிபாகக் கடையில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம்.

1937-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பந்தய வீரர் வால் ஹேண்ட்லி, பிஎஸ்ஏ நிறுவனத்தின் வண்டியில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஒரு சுற்று அடித்தார். அதற்குக் கிடைத்த தங்க நட்சத்திர பேட்ஜிலிருந்து வந்த பெயர் இது. போருக்குப் பின் 1949-லிருந்து 1963 வரை பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் ஆலையிலிருந்து கோல்டு ஸ்டார்கள் வந்தன. ஆனால் அதே ஆலையில், அதே காலத்தில், பி31, பி33 என்று வேலைக்குப் போய்வரும் சாது வண்டிகளும் தயாராயின. 500 சிசி பி33-க்கும் கோல்டு ஸ்டாருக்கும் சிலிண்டர் விட்டம் 85, ஸ்ட்ரோக் 88 மில்லிமீட்டர். அச்சு அசல் ஒன்றே. பார்வைக்கும் அண்ணன் தம்பிதான். விலையில் மட்டும் அண்ணன் பல படி மேலே. மோசடிக்கு இதைவிட நல்ல வசதி வேண்டுமா? தம்பியின் உடம்பில் அண்ணன் சட்டையை மாட்டினால் போதும்.

முதலில் இன்ஜினைப் பாருங்கள். கோல்டு ஸ்டாரில் பேரலும் ஹெட்டும் அலுமினியம். புஷ்ராடு ஏறும் குழல் பேரலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். பி33-ல் இரும்புப் பேரல், தனிக் குழாய். ஆனால் இன்ஜின் சரியாக இருப்பதாலேயே ஏமாந்துவிடாதீர்கள். இன்ஜினை இறக்கி ஏற்ற ஒரு சனிக்கிழமை போதும். ஏமாற்று பெரும்பாலும் பிரேமில்தான். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த கோல்டு ஸ்டார் பிரேமில், வலப்பக்கக் கீழ்க்குழாய் ஆயில் பம்புக்கு இடம்விட்டு ஓரிடத்தில் நெளிந்து போகும். பி33-ல் நேராக ஓடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பேன்ட் அழுக்கானால் ஆகட்டும்.

அடுத்தது நம்பர். நம் ஊரில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சி புக்கோடு ஒத்துப்போனால் நிம்மதி. இங்கே இரண்டிலும் ஒரே நம்பர் இருந்தால்தான் பயப்பட வேண்டும்! அந்தக் காலத்து பிஎஸ்ஏவில் இன்ஜினுக்கு ஒரு வரிசை, பிரேமுக்கு வேறு வரிசை. டிபிடி34 இன்ஜின் உட்கார்ந்திருக்கும் பிரேமில் சிபி32 என்றுதான் குத்தியிருக்கும். இன்ஜினில் 34 என்றால் 500 சிசி, 32 என்றால் 350 சிசி; பிரேமில் மட்டும் இரண்டுக்குமே 32தான். பிரேமில் 'டிபிடி34' என்று அழகாகத் தெரிந்தால் யாரோ அரைகுறையாகப் படித்துவிட்டுக் குத்தியிருக்கிறார். எழுத்தைச் சுற்றி உலோகம் வழவழப்பாக, சற்றுப் பள்ளமாக இருக்கிறதா? பழையதை அரைத்துவிட்டு ரீபஞ்ச் செய்த அடையாளம். எந்த இன்ஜின் எந்த பிரேமோடு ஆலையை விட்டுப் போனது என்பதற்கு டெஸ்பாட்ச் பதிவேடுகள் இருக்கின்றன. பழைய வண்டி ஆர்வலர்களின் சங்கமான விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். அந்தக் கட்டணத்துக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

வி5சி பதிவுச் சான்று இருக்கிறதே என்பார் விற்பவர். அது உரிமைப் பத்திரம் அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. 40 வயது தாண்டிய வண்டிக்குப் பொதுவாக வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. அந்த பிரேமை வெளியாள் எவரும் பல வருடமாகப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இன்னொன்று, இது ராயல் என்ஃபீல்டு தேடுபவர்களுக்கு: இங்கிலாந்தின் பழைய ஆலையைச் சொல்லி 'ரெட்டிச்சில் பிறந்த புல்லட்' என்று விலை சொல்லப்படுவது நம் திருவொற்றியூர் ஆலையில் பிறந்து கப்பலேறியதாகவும் இருக்கலாம். நல்ல வண்டிதான், ஆனால் ரெட்டிச் விலைக்கு அல்ல.

'இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், அட்வான்ஸ் போடுங்கள்' என்று போன் வந்தால் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பிரேம் நம்பரையும் அந்த வலப்பக்கக் குழாயையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிலுக்கு டேங்கையே ஏழு கோணத்தில் எடுத்து அனுப்பினால், போனை வைத்துவிட்டு வேறு வண்டி தேடுங்கள்.