கூரையைத் தூக்கும் எண்ணெய்

பி.எம்.டபிள்யூ இசட்4 காரின் முதல் தலைமுறை 2002 முதல் 2008 வரை அமெரிக்காவில், தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் தயாரானது. அதன் துணிக்கூரை, பட்டனை அழுத்தியதும் பத்தே விநாடியில் மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். உலோகச் சட்டம், துணி, கண்ணாடி எல்லாம் சேர்ந்த அந்தக் கனத்தைத் தூக்குவது, கைக்குள் பிடித்துவிடக்கூடிய ஒரு சின்ன மோட்டாரும் கொஞ்சம் ஆயிலும்தான்.

இது எப்படி நடக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எப்போதோ கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளியான நூலில் அது இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும். பாத்திரத்தின் இரண்டு வாய்களில் ஒன்று மற்றதைவிடப் பரப்பில் நூறு மடங்கு பெரியதாக இருந்தால், சிறிய வாயில் ஒருவர் தள்ளும் தள்ளுக்குப் பெரிய வாயில் நூறு பேர் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

கார் கூரைக்கு வருவோம். அங்கே மோட்டார் சுழற்றுவது ஆயிலைத் தள்ளும் ஒரு பம்பை. இத்தகைய பம்புகள் 100 பார் அளவிலான அழுத்தத்தைச் சாதாரணமாகத் தருகின்றன. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 100 கிலோ பாரம். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை வைத்தால் போதும், 320 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைத்துவிடும். மோட்டார் ஒரு பக்கமாகச் சுற்றினால் ஆயில் பிஸ்டனை வெளியே தள்ளும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் உள்ளே இழுக்கும். திறப்பதும் மூடுவதும் அவ்வளவுதான்.

பாஸ்கல் கணக்கு முடிந்தும் அது இயந்திரமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தடையாக நின்றது கசிவு. லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லேதான் கசிவை அடைக்க வழி கண்டவர் என்று சொல்வார்கள். பிஸ்டனைச் சுற்றிக் கிண்ணம்போல் வளைத்த ஒரு தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அதே அழுத்தம் வளையத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். கசியத் துடிக்கும் திரவமே தன் வழியை அடைத்துக்கொள்கிறது! எனக்கு இந்த முழுக் கதையிலும் பெரிய வியப்பு இதுதான். இன்று கூரையின் சிலிண்டருக்குள் இருக்கும் செயற்கை ரப்பர் சீலும் அதே உத்தியில்தான் வேலை செய்கிறது.

இத்தனை பலமுள்ள அமைப்பைச் சாய்ப்பது மழைத்தண்ணீர். இசட்4இல் பம்ப், கூரை மடிந்து அமரும் குழியின் இடப்பக்க அடியில் இருக்கிறது. கூரையில் விழும் மழைநீர் ஓரக் கால்வாய் வழியே ஒரு வடிகுழாயில் இறங்கி, காருக்கு அடியில் போய்விட வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலையும் தூசும் சேறாகி அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பம்ப் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். சத்தம் வெளியே வராமலிருக்க மோட்டாரைச் சுற்றி வைத்த நுரை உறை அந்த நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகும் மோட்டார் ஈரத்திலேயே கிடக்கும். கழற்றி எடுத்து உறையைப் பிழிந்தால் பழுப்பு நீர் ஒழுகும். உள்ளே பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும், கார்பன் பிரஷ் தன் கூட்டில் சிக்கியிருக்கும்.

பழுது எங்கே என்று காதே முதலில் சொல்லிவிடும். பட்டனை அழுத்தி மோட்டார் உறுமியும் கூரை அசையவில்லை என்றால், ஆயில் குறைந்திருக்கலாம், எங்காவது கசியலாம். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆயிலைத் தள்ளும் பகுதி நன்றாகவே இருக்கும். மோட்டாரைத் தனியே பிரித்து, பிரஷ் தொடும் செம்பு உருளையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பேரிங்கை மாற்றினால் பல பம்புகள் மறுபடி ஓடும். ஒரு எச்சரிக்கை: ஆயில் ஓடும் ஹோஸைக் கழற்றும் முன் கூரைக்கு முட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பாதியில் நிற்கும் கூரையைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ஆயில்தான்.

பம்பைத் திரும்ப மாட்டியதும் கூரை குதித்துக் குதித்து நகரும். குழாய்களுக்குள் புகுந்த காற்றுதான் காரணம். 100 பாரில் ஆயில் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. காற்றோ நூறில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரின் உழைப்பு அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே கூரையைச் சில முறை திறந்து மூடினால் காற்று ஆயில் தொட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும்.

வடிகுழாயைச் சுத்தம் செய்யாமல் புது மோட்டார் போடுவது வீண் செலவு. அடுத்த மழைக்காலத்தில் அதுவும் நனையும். அதனால்தான் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் பலர் பம்பைப் பழைய பள்ளத்தில் திரும்ப வைப்பதில்லை. ஹோஸ்களையும் ஒயர்களையும் டிக்கிப் பக்கம் கொண்டுவந்து, தண்ணீர் எட்டாத உயரத்தில் பொருத்திவிடுகிறார்கள். முன்பைவிடச் சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். ஆனால் அடுத்த முறை பம்பைப் பார்க்க டிக்கியைத் திறந்தாலே போதும்.