'நூல்' கணக்கை மறக்கணும்... ஆஸ்திரேலியா செல்லும் கார்பென்டர்கள் திறன் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

தேக்கில் நிலைக்கதவு செய்து 20 வருடம் கை பழகிய தச்சர்கூட ஆஸ்திரேலியாவின் திறன் மதிப்பீட்டில் திணறலாம். திறமை குறைவு என்பதல்ல காரணம். நம் ஊரில் 'கார்பென்டர்' என்று சொல்லும் வேலை வேறு, அங்கே அந்தப் பெயரில் இருக்கும் வேலை வேறு.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டத்தின் மேல்தான் நிற்கின்றன. செங்கல் வீடு போலத் தெரிவதிலும் பல நேரம் செங்கல் வெறும் வெளிப்போர்வை; கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம். அந்தச் சட்டத்தை நிறுத்துவது, கூரை ஏற்றுவது, தரை போடுவது, ஜன்னல் பொருத்துவது எல்லாம் கார்பென்டரின் வேலை. பட்டறையில் கதவு, ஜன்னல், படிக்கட்டு செய்பவர் 'ஜாயினர்'. அலமாரியும் மாடுலர் கிச்சனும் செய்பவர் 'கேபினட் மேக்கர்'.

விண்ணப்பத்தில் இவை தனித்தனித் தொழில்கள். கார்பென்டர் 331212, ஜாயினர் 331213, கேபினட் மேக்கர் 394111 என்று எண்ணும் தனி. முதல் இரண்டு வேலைகளையும் செய்பவருக்கு 331211 இருக்கிறது. நம் ஊர் தச்சர்கள் பலருக்குப் பொருந்துவது கார்பென்டர் என்ற பெயர் அல்ல, மற்றவைதான். 'எல்லாம் மரவேலைதானே' என்று நினைத்து மாற்றிப் போட்டால், கட்டிய கட்டணம் போச்சு. சென்ட்ரிங் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கார்பென்டர் என்று விண்ணப்பிப்பதும் ஆபத்துதான்.

இந்த மதிப்பீடு ஆஸ்திரேலிய அரசின் 'ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' அமைப்பின் பொறுப்பு. கார்பென்டருக்கு அளவுகோல், அங்கே தொழில் பழகுபவர்கள் வாங்கும் 'சர்டிஃபிகேட் 3 இன் கார்பென்ட்ரி'. முதலில் ஆவணங்களைப் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் தொழில்நுட்பத் தேர்வு.

சனிக்கிழமை சம்பளத்துக்கு ஏது ரசீது?

பலர் விழுவது ஆவணத்தில்தான். வாரக் கூலியைக் கையில் வாங்கியவரிடம் 'சம்பளச் சான்று கொடுங்கள்' என்றால் எங்கே போவார்? எனவே, போகும் எண்ணம் வந்த நாளிலிருந்தே கூலியை வங்கிக் கணக்கில் வாங்கப் பழக வேண்டும். வேலை கொடுத்தவரிடம் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கும்போது 'நல்ல உழைப்பாளி' என்ற பாராட்டு பயன்படாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்பது இருக்க வேண்டும்.

சொந்தமாக கான்ட்ராக்ட் எடுப்பவர் மரக்கடை பில், ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு என எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஐ.டி.ஐ சான்றிதழ் போன்ற முறையான படிப்பு இருந்தால், கேட்கப்படும் அனுபவ ஆண்டுகள் குறையும்.

போட்டோ எடுப்பதிலும் ஒரு விஷயம். முடிந்த வேலையின் பளபளப்பான படம் யார் செய்தார்கள் என்பதைச் சொல்லாது. அளவெடுப்பது, அறுப்பது, பொருத்துவது என ஒவ்வொரு கட்டத்திலும் செய்பவரின் முகம் தெரிய வேண்டும்.

'லெட்டர் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்' என்கிற ஏஜென்டிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். போலி ஆவணம் கொடுத்ததற்காக விசா மறுக்கப்பட்டால், பல விசாக்களுக்கு 3 ஆண்டு தடை வரும்.

கைக்குத் தெரியும், வாய்க்கு?

நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை 8 நூலாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே கட்டுமான வரைபடங்கள் மில்லிமீட்டரில் இருக்கும். சுவர்ச் சட்டத்தில் நிற்கும் கட்டைகளுக்கு இடையே 450 அல்லது 600 மி.மீ, கட்டையின் அளவு 90-க்கு 45 என்று பேச்சு போகும். இன்றைக்கே டேப்பின் மில்லிமீட்டர் பக்கத்துக்கு மாறுவது நல்லது.

அடுத்து பெயர்கள். நிற்கும் கட்டை 'ஸ்டட்', மேலும் கீழும் படுப்பவை 'பிளேட்', ஸ்டட்களுக்கு நடுவே குறுக்கே வருவது 'நாகிங்'. மூலைமட்டம் பார்க்க 3-4-5 கணக்குப் போடத் தெரியாத தச்சர் இல்லை. ஆனால், அதை ஏன் செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தினமும் ஒரு வேலையை செல்போனில் வீடியோ எடுத்தபடியே ஆங்கிலத்தில் விளக்கிப் பழகலாம். இலக்கணம் முன்னே பின்னே இருக்கலாம், வேலையின் வரிசை மாறக் கூடாது. அங்கே வீட்டு மரச்சட்ட வேலைக்கான தரநிலை 'ஏ.எஸ் 1684'. அதன் பெயரும் அடிப்படையும் தெரிந்திருப்பது பலம்.

பாதுகாப்புக் கேள்விகளைச் சிலர் சும்மா நினைக்கிறார்கள். கார்டைக் கழற்றிவிட்டு ரம்பம் ஓட்டுவது, செருப்போடு சாரம் ஏறுவது நம் சைட்டில் சகஜம். அங்கே அப்படிச் செய்பவரைத் தொழில் தெரிந்தவராகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேர்வில் தேறினால் உடனே ஆணி அடிக்கலாம் என்றும் இல்லை. விசா தனி. கட்டுமான சைட்டுக்குள் நுழைய 'ஒயிட் கார்டு' என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்க, மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் விதி மாறும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில், கூலியும் பொருளும் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டும் வீட்டு வேலையை லைசென்ஸ் இல்லாமல் எடுக்க முடியாது.