பிரிவினையும் பகிர்வும்: ஊராட்சி அதிகாரம் குறித்த தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகள்

அதிகாரப் பிரிவினை, அதிகாரப் பகிர்வு என்னும் இரு தொடர்களையும் ஒரே பொருளில் ஆள்வோர் பலர். ஆயினும் அவை சுட்டும் கருத்துகள் வேறு. சட்டம் இயற்றுவோர், அதனைச் செயற்படுத்துவோர், நீதி வழங்குவோர் ஆகிய மூவரும் ஒருவர் பணியில் மற்றவர் தலையிடாதிருத்தல் பிரிவினை. நடுவணரசு, மாகாணம், ஊராட்சி ஆகியன தத்தமக்குரிய பொறுப்புகளைப் பங்கிட்டுக் கொள்ளுதல் பகிர்வு. ஊராட்சி மன்றத்தைப் பற்றிய வழக்குகளில் இவ்விரண்டும் எதிர்ப்படுகின்றன. அவற்றை வேறுபடுத்திக் காணத் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சில நமக்குத் துணை செய்கின்றன.

நிலையா, வட்டமா?

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்நாட்டு ஊராட்சி அமைப்புகள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. மேலுள்ள அரசு கொடுத்த அதிகாரமே அவற்றின் அதிகாரம்; கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெறவும் முடியும். 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசமைப்பு, ஆட்சியின் 'நிலைகள்' என்று பேசியது. 1996ஆம் ஆண்டின் அரசமைப்போ 40ஆம் பிரிவில் 'வட்டங்கள்' என்னும் பொருள்படும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. நிலை என்றால் மேல், கீழ் என்னும் எண்ணம் உடன்வரும். வட்டம் என்றால் அருகருகே நிற்பவை என்னும் எண்ணம் வரும். மூன்று வட்டங்களும் தனித்தன்மை உடையவை, ஒன்றையொன்று சார்ந்தவை, தம்முள் தொடர்புடையவை என்று அப்பிரிவு கூறுகிறது. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை ஊராட்சியை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

மன்றத்திற்குள்ளே

அந்நாட்டு அரசமைப்பின் 151ஆம் பிரிவு, சட்டமியற்றும் அதிகாரத்தையும் செயலாட்சி அதிகாரத்தையும் ஒரே ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கிறது. அவ்வாறாயின் அங்கே பிரிவினை எவ்வாறு நிற்கும்? 1998ஆம் ஆண்டின் ஃபெட்ஷூர் வழக்கு இக்கேள்வியை எழுப்பியது. ஜோகன்னஸ்பர்க் பெருநகரில் சொத்து வரி விதிக்கப்பட்டதோடு, வருவாய் மிகுந்த பகுதிகளிடமிருந்து ஒரு தொகையைப் பெற்று ஏனைய பகுதிகளின் பற்றாக்குறையை ஈடுசெய்யவும் முடிவாயிற்று. சொத்துடையோர் சிலர் இதனை நிருவாகச் செயல் எனக் கொண்டு எதிர்த்தனர்.

நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடி ஆய்ந்து வரியும் வரவுசெலவும் தீர்மானிப்பது சட்டமியற்றும் செயலே என்றது. ஆகவே நிருவாகச் செயலுக்குரிய அளவுகோலால் அதனை அளத்தல் பொருந்தாது. எனினும் சட்டம் வழங்காத அதிகாரத்தை எந்த மன்றமும் கையாளலாகாது என்னும் நெறி அதற்கும் உண்டு என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இலக்கண மொழியில் கூறின், எழுவாய் ஒன்றே, பயனிலைதான் மாறுகிறது. அதே மன்றம் உரிமம் வழங்கும்போது நிருவாகியாகிறது. வரி விதிக்கும்போது சட்டமன்றமாகிறது.

பட்டியலில் ஒரு சொல்

பகிர்வு பற்றிய தீர்ப்புகளில் 2010ஆம் ஆண்டின் ஜோகன்னஸ்பர்க் வழக்கு தலையாயது. 1995ஆம் ஆண்டின் வளர்ச்சி எளிதாக்கச் சட்டம் மாகாணந்தோறும் தீர்ப்பாயங்களை அமைத்திருந்தது. நில வகை மாற்றத்திற்கும் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கும் அவை ஒப்புதல் அளித்துவந்தன. இதனால் ஒரே பணிக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. மாநகரத் திட்டத்திற்கு ஒவ்வாத கட்டுமானமும் தீர்ப்பாயத்தின் வழியே உள்ளே வர இயன்றது.

வழக்கின் மையம் சொற்பொருளே. அரசமைப்பின் நான்காம் அட்டவணையில் 'நகர்ப்புற, ஊரக வளர்ச்சி' ஒரு பகுதியிலும், 'ஊராட்சித் திட்டமிடல்' மற்றொரு பகுதியிலும் இடம்பெற்றுள்ளன. முதல் தொடரை விரித்துப் பொருள் கொண்டால் இரண்டாம் தொடருக்கு வேலையே இல்லை. திட்டமிடல் என்பது நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தலைக் குறிக்கும் நிலைபெற்ற வழக்கு என நீதிமன்றம் கண்டது. எனவே நில வகை மாற்றமும் குடியிருப்பு நிறுவலும் ஊராட்சியின் பணி என்று கொண்டு, அச்சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள் செல்லாவென்றது. மாற்றுச் சட்டம் இயற்ற 24 மாத அவகாசமும் அளித்தது. புதிய நிலப் பயன்பாட்டுச் சட்டம் 2013இல் வந்தது.

2012ஆம் ஆண்டின் மாக்சாண்ட் வழக்கில் கேப்டவுன் நகரின் மிட்சல்ஸ் பிளேன் பகுதி மணல்மேடுகள் பேசுபொருளாயின. சுரங்க உரிமத்தை நடுவணரசு வழங்கலாம். ஆயினும் பொதுத் திறந்தவெளியாக வகைப்படுத்தப்பட்ட நிலத்தில், வகை மாறாதவரை தோண்டலாகாது என்று தீர்ப்பாயிற்று. இரு வட்டங்களும் தத்தம் அதிகாரத்தைச் செலுத்தின. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. 2014ஆம் ஆண்டில் ஹாபிடாட் மன்ற வழக்கில், நகராண்மையின் நில முடிவுகளை மாகாண அமைச்சர் மேல்முறையீட்டில் மாற்றலாம் என்ற பழைய விதியும் வீழ்ந்தது.

எஞ்சும் வினா

இத்தீர்ப்புகள் ஊராட்சியைத் தன்னரசாக்கிவிடவில்லை. கண்காணிக்கவும், கடமை தவறினால் 139ஆம் பிரிவின்படி தலையிடவும் மாகாணத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் மாகாண மேல்முறையீடு நீங்கியபின், மன்றமே தவறிழைத்தால் குடிமகன் எங்குச் செல்வான்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் நகராண்மைக்குள்ளேயே மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. நீதிமன்ற மறுஆய்வும் உண்டு. எனினும் வழக்காடும் செலவு எளியோர்க்குப் பெருஞ்சுமையே. ஊராட்சியின் உரிமையைக் காப்பதும், ஊராட்சியிடமிருந்து குடிமகனைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இங்கு நாம் மறத்தலாகாது.

வகுப்பறையில் இத்தகைய தீர்ப்பைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் மூன்று கேள்விகளை மாணவர்முன் வைக்கலாம். செய்தவர் யார்? செய்தது எவ்வகைச் செயல்? அச்செயலுக்குரிய சொல் எந்தப் பட்டியலில் உள்ளது? முதற் கேள்வியோடு நின்றுவிடும் மாணவன் பிரிவினையையும் பகிர்வையும் குழப்பிக்கொள்வான். மூன்றுக்கும் விடை தேடுபவன், தன் தெருமுனைத் திறந்தவெளியில் நாளை ஒரு கட்டடம் எழுமானால், எவரிடம் சென்று என்ன கேட்க வேண்டும் என்பதையும் அறிந்திருப்பான்.