குழந்தை பிறந்த பிறகுதான் கண்டம்! இதய நோயுள்ள தாய்க்கு "சிசேரியன்": மயக்க டாக்டர் படும் பாடு

"பொண்ணு பொறந்திருக்கு!"

நர்சு வந்து சொன்னதும் உறவினர்கள் சாக்லேட் வாங்க ஓடுகிறார்கள். ஆனால் உள்ளே, தாயின் தலைமாட்டில் நிற்கும் மயக்க டாக்டருக்கு அப்போதுதான் படபடப்பு ஆரம்பம். தாய்க்கு இதய நோய் இருந்தால் பெரிய கண்டமே இனிமேல்தான்!

நம் நாட்டுக் கர்ப்பிணிகளிடம் அதிகம் காணப்படும் இதய நோய், "மைட்ரல்" வால்வு சுருக்கம். சின்ன வயதில் தொண்டைப் புண், காய்ச்சல், மூட்டு வலி வந்து போயிருக்கும். வீட்டில் மறந்தே போயிருப்பார்கள். டாக்டர்கள் இதை "ருமாட்டிக்" காய்ச்சல் என்கிறார்கள். பல வருடம் கழித்து அது வால்வில் வேலையைக் காட்டும்.

4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு, ஒன்றரைக்கும் கீழே சுருங்கிவிடும். கர்ப்ப காலத்தில் ரத்தமோ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. மவுண்ட் ரோடு டிராபிக் முட்டுச்சந்தில் புகுந்த கதைதான்! ரத்தம் நுரையீரலில் தேங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சொட்டுச் சொட்டாக...

சாதாரணமாக சிசேரியனுக்கு முதுகில் ஒரே ஊசி. சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். கூடவே ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், நாடி எகிறும். நாடி எகிறினால், குறுகிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரம் கிடைக்காது. ஆபத்து!

அதனால் பெரும்பாலும் முதுகில் மெல்லிய குழாய் செருகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். இதுதான் "எபிடூரல்".

ரத்தம் உறையாமலிருக்க "ஹெப்பாரின்" ஊசி போட்டு வந்தவர் என்றால் இன்னொரு சிக்கல். முதுகில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டி, கால்கள் விளங்காமல் போகலாம். "கடைசி ஊசி எத்தனை மணிக்கும்மா?" என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது அதற்குத்தான். காத்திருக்க நேரமில்லையென்றால் முழு மயக்கம்தான்.

அரை லிட்டர் ரத்தம்!

குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்கி, சுமார் அரை லிட்டர் ரத்தத்தை உடம்புக்குள் தள்ளும். ரத்தப்போக்கை நிறுத்தும் "ஆக்சிடோசின்" மருந்தை மொத்தமாக ஏற்றினாலும் அழுத்தம் விழும். அதையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். "மெதர்ஜின்" ஊசி பக்கமே போகமாட்டார்கள்.

நுரையீரலில் நீர் கோக்கும் பயம் அடுத்த 2, 3 நாளுக்கும் உண்டு. எனவே தாய் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்கிறார். வெளியே, "எப்ப சார் வார்டுக்கு அனுப்புவீங்க?" என்று தகராறு நடக்கிறது. உள்ளே, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று மணிக்கு மணி அளந்து எழுதிக்கொண்டிருக்கிறார் நர்சு.