தக்காளிக்குப் பேரம், செல்போனுக்குத் தவணை: விலையேற்றக் காலத்தில் இந்தியக் குடும்பங்களின் செலவுக் கணக்கு

புதுதில்லி: 2024 அக்டோபரில் நாட்டின் காய்கறி விலை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 42 சதவீதம் உயர்ந்திருந்தது. சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதத்தை எட்டியது. அது 14 மாதங்களில் இல்லாத உயர்வு. வெங்காயத்தையும் தக்காளியையும் அரை கிலோ, கால் கிலோவாக வாங்கத் தொடங்கிவிட்டதாகப் பல நகரங்களில் இல்லத்தரசிகள் கூறிய மாதம் அது. அதே மாதத்தில்தான் நாட்டின் வாகனச் சில்லறை விற்பனை முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. தந்தேரஸ் நாளில் வட மாநில நகைக்கடைகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

நவராத்திரியும் தீபாவளியும் அந்த ஆண்டு ஒரே மாதத்தில் வந்ததால் விற்பனை எண்கள் சற்றுப் பெரிதாகத் தெரிந்தன என்பது உண்மையே. ஆயினும் கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை. கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடும் ஒருவர், இன்னும் ஓராண்டு ஓடக்கூடிய செல்போனைக் கைவிட்டுப் புதியது வாங்குவது ஏன்? பால் விலை இரண்டு ரூபாய் ஏறினால் மனம் வருந்தும் குடும்பம், திருமணத்துக்கு எனில் கடன் வாங்கியும் செலவிடுவது ஏன்?

முதலில் எளிதான விடை ஒன்று உண்டு. செலவைக் குறைப்பவரும் அள்ளிச் செலவிடுபவரும் ஒருவரே அல்லர். மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2023-24-இல் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ.6,996, கிராமப்புறத்தில் ரூ.4,122. ஆனால் நகர்ப்புறத்தின் அடிமட்ட 5 சதவீதத்தினர் மாதம் ரூ.2,376 செலவிட்டபோது, மேல்மட்ட 5 சதவீதத்தினர் ரூ.20,310 செலவிட்டனர். இந்த இரு பிரிவினரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிடைப்பது யாருடைய வாழ்க்கையும் அன்று. கார் சந்தையில் இது வெளிப்படையாகவே தெரிகிறது. 2024-25-இல் விற்பனையான பயணிகள் வாகனங்களில் சுமார் 65 சதவீதம் எஸ்யுவி உள்ளிட்ட பெரிய வகைகள். முதன்முதலாகக் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களை நம்பியிருந்த சிறிய கார்களின் விற்பனையோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வந்தது. மொத்த எண்ணிக்கை வளர்ந்ததாகச் செய்தி வந்த அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது.

இந்த விடை பாதிதான். ஒரே குடும்பத்துக்குள்ளேயே சிக்கனமும் தாராளமும் அருகருகே இருப்பதை அது விளக்காது.

கண்ணில் படும் விலை, படாத விலை

தேசிய நுகர்வோர் விலைக் குறியீட்டின் 2012 அடிப்படை வரிசையில் காய்கறிகளின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். ஆனால் அவற்றின் விலை நாள்தோறும் காதில் விழுகிறது. நேற்றைய விலை நினைவில் இருக்கிறது. வீட்டு வாடகை ஆண்டுக்கு ஒருமுறையும், பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்திலும், காப்பீட்டுத் தொகை தானாக வங்கிக் கணக்கிலிருந்தும் கழிகின்றன. ரிசர்வ் வங்கி குடும்பங்களிடம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடத்தும் ஆய்வில், மக்கள் தாங்கள் உணர்வதாகச் சொல்லும் பணவீக்கம் அதிகாரபூர்வ விகிதத்தைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது. அடிக்கடி வாங்கும் பொருளின் விலையே மனத்தில் நிற்பது இதற்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம், பணவீக்கம் குறைவதும் விலை குறைவதும் ஒன்றல்ல என்பது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகச் சரிந்தது. அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த அளவு அது. காய்கறி, பருப்பு விலை இறங்கியதும், செப்டம்பர் 22 முதல் சரக்கு, சேவை வரி குறைக்கப்பட்டதும் அதற்கு உதவின. ஆனால் முந்தைய ஆண்டுகளில் ஏறிய வாடகையும் கல்விக் கட்டணமும் ஏறிய இடத்திலேயே நின்றன. குடும்பத் தலைவர்கள் அந்த எண்ணை நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். மாதம் 6 கிலோ தக்காளி வாங்கும் வீட்டில், கிலோ ரூ.30-லிருந்து ரூ.80 ஆனால் கூடுதல் சுமை ரூ.300. ரூ.24,000 மதிப்புள்ள செல்போனைப் பன்னிரண்டு தவணைகளில் வாங்கினால் மாதம் ரூ.2,000. முன்னது வீட்டில் பேச்சாகவும் புலம்பலாகவும் மாறுகிறது. பின்னது ஒருமுறை முடிவெடுத்தபின் ஓசையின்றி நடக்கிறது. 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் தங்கள் பணத்தை மனத்துக்குள் தனித்தனிப் பைகளில் பிரித்து வைக்கிறார்கள் என்று விளக்கினார். மளிகைப் பையில் ஓட்டை விழுந்தால் பதறுகிறவர், பண்டிகைப் பையிலிருந்து எடுத்து அதை அடைக்க நினைப்பதில்லை. எல்லாப் பைகளும் ஒரே சம்பளத்திலிருந்து நிரம்புகின்றன என்பது அப்போது மறந்துவிடுகிறது.

பணம் கொடுக்கும் முறையும் இதில் சேர்கிறது. ரொக்கமாக எண்ணிக் கொடுக்கும்போது ஏற்படும் சிறு வலி, அட்டையைத் தேய்க்கும்போது குறைகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூடைப்பந்துப் போட்டி நுழைவுச்சீட்டுக்கு ஏலம் கேட்ட மாணவர்களில், கடன் அட்டையால் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிட வெகு அதிகமாகக் கேட்டனர். இந்தியாவில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. தேநீர்க் கடை வரை எட்டிவிட்ட இந்த வசதியின் பயன்களை மறுப்பதற்கில்லை. எனினும், மாத இறுதியில் பணம் எங்கே போனது என்று தேடும் வீடுகள் பெருகியதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

தட்டில் நடந்த மாற்றம்

வருமானம் இறுகும்போது உணவில் மிச்சம் பிடிப்பார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. கிராமப்புறக் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 2011-12-இல் சுமார் 10.7 சதவீதமாக இருந்தது. 2023-24-இல் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம். அவ்வாறு மிச்சமான தொகை அப்படியே பருப்புக்கும் பழத்துக்கும் செல்லவில்லை. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் பங்கு கிராமத்தில் 9.8 சதவீதமாகவும் நகரத்தில் 11 சதவீதமாகவும் உயர்ந்து, உணவுச் செலவிலேயே முதலிடத்தைப் பிடித்துள்ளது.

இதைப் பொறுப்பின்மை என்று ஒதுக்குவது எளிது. கட்டட வேலைக்குச் செல்லும் பெண் மாலையில் வீடு திரும்பிக் குழந்தைகளின் கையில் கொடுக்கும் பத்து ரூபாய்ப் பொட்டலத்தில், சமைக்கும் நேரமும் அடுப்பெரியும் செலவும் சேர்ந்தே மிச்சமாகின்றன. அழகுசாதன நிறுவனத் தலைவர் லெனார்ட் லாடர் 2001-ஆம் ஆண்டு மந்தநிலையின்போது ‘லிப்ஸ்டிக் குறியீடு’ என்று ஒன்றைச் சொன்னார். பெரிய பொருள் வாங்க இயலாதபோது மக்கள் சிறிய ஆடம்பரத்தால் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். பொருளியல் விதியாக அது எல்லாக் காலத்திலும் நிற்கவில்லை. மனித இயல்பைப் பற்றிய கவனிப்பாக நிற்கிறது.

சிறு பொட்டலம் வாங்குவதும் எப்போதும் தவறான கணக்கன்று. கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த சாஷே ஷாம்பு, இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. பல ஷாம்புகளில் ஒரு மில்லி லிட்டருக்குப் பார்த்தால் பெரிய பாட்டிலைவிடச் சாஷேயே மலிவு. எண்ணெய், சலவைத்தூள் போன்றவற்றில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பிஸ்கட்டிலோ, விலையை ஐந்து ரூபாயிலேயே நிறுத்திவிட்டு எடையைக் குறைத்துக்கொண்டே வருவது நிறுவனங்களின் பழைய வழக்கம். ஒரு கிராமுக்கு அல்லது மில்லி லிட்டருக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவைப்படும் என்பது வேறு செய்தி.

திருமணமும் திருவிழாவும்

இந்தியச் செலவுப் பழக்கங்களில் அதிகம் விமர்சிக்கப்படுவது இதுதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் மிகவும் வறிய குடும்பங்களின் செலவை ஆராய்ந்தனர். அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முந்தைய ஓராண்டில் திருமணம், இறப்புச் சடங்கு அல்லது திருவிழாவுக்குச் செலவிட்டிருந்தன. நடுத்தர நிலையில் இருந்த குடும்பம் தன் ஆண்டுச் செலவில் 10 சதவீதத்தைத் திருவிழாக்களுக்கே ஒதுக்கியிருந்தது. போதிய உணவில்லாத வீடுகள் இவை என்பதால் உலகெங்கும் இது பேசப்பட்டது. இவ்விருவரும் 2019-இல் மைக்கேல் கிரெமருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கர்நாடகக் கிராமங்களில் குயவர் சமூகத்தினரிடையே உலக வங்கிப் பொருளியலாளர் விஜயேந்திர ராவ் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. திருவிழாவுக்கு அதிகம் செலவிட்ட குடும்பங்கள் உணவுப் பொருள்களைச் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்கின. பிற வீடுகளின் விருந்துகளுக்கு அதிகம் அழைக்கப்பட்டன. ஊரில் அவற்றின் மதிப்பும் கூடியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் செலவு. ஊருக்குள் இருப்பவருக்கோ, கடைக்காரரிடம் கடன் சொல்லவும் நோய் வந்தால் நாலு பேர் வரவும் செலுத்தும் சந்தா.

தமிழ்நாட்டின் மொய்யைப் போலவே வட இந்திய ஊர்களில் ‘நியோதா’ என்ற வழக்கம் உண்டு. யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் எழுதப்படும். அவர் வீட்டு நிகழ்வில் திருப்பிச் செய்ய வேண்டும். இந்தச் சுழலிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் தனியே விலகுவது எளிதன்று. பிறர் செலவைக் கூட்டும்போது தானும் கூட்டாவிட்டால் மகளின் திருமணப் பேச்சே தடைபடலாம் என்ற அச்சம் உண்மையானது. அதனால்தான் விலைவாசி ஏறினாலும் பந்தலின் அளவு குறைவதில்லை. பந்தி வகைகளைக் குறைக்கச் சொல்லி அறிவுரை கூறுவோர் இந்த அச்சத்துக்கு விடை சொல்வதில்லை.

தங்கத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. 2024-இல் விலை வேகமாக ஏறியபோதும் இந்தியாவின் தங்கத் தேவை 5 சதவீதம் உயர்ந்து சுமார் 803 டன்னை எட்டியது என்கிறது உலக தங்கக் கவுன்சில். அந்த ஆண்டு ஜூலையில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததும் உதவியது. விலை ஏறும்போது வாங்குவது புதிர் போலத் தோன்றும். நாளை இன்னும் ஏறும் என்று நம்புபவருக்கும், மகளின் திருமண நாளைத் தள்ளிவைக்க முடியாதவருக்கும் அது புதிரன்று. எனினும் அதற்கும் எல்லை உண்டு. 2025 ஏப்ரலில் 10 கிராம் ரூ.1 லட்சத்தைத் தொட்டபின் நகைகளின் எடை குறைந்தது. செய்கூலி, சேதாரம் குறைவான நாணயங்களுக்கும் கட்டிகளுக்கும் தேவை கூடியது.

சேமிப்பு எங்கே போனது?

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு நியாயம் இருந்தாலும், எல்லாம் சேரும்போது குடும்பத்தின் அடித்தளம் அசைகிறது. கொரோனா காலமான 2020-21-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. வெளியே செல்ல வழியில்லாத ஆண்டு அது என்பதால் அந்த உயரம் இயல்பானதன்று. ஆனால் 2022-23-இல் அது சுமார் 5 சதவீதமாக, பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்தது. பணம் வீடாகவும் வாகனமாகவும் மாறியிருக்கிறது, இது துயரத்தின் அறிகுறி அன்று என்று நிதியமைச்சகம் விளக்கியது. வீட்டுக்கடனுக்கு அது பொருந்தும். பிணையற்ற தனிநபர் கடனுக்குப் பொருந்துமா என்ற ஐயம் ரிசர்வ் வங்கிக்கே இருந்தது. 2023 நவம்பரில் அத்தகைய கடன்களுக்கான இடர் மதிப்பை அது 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அதன்பின் அக்கடன்களின் வேகம் தணிந்தது. தங்க நகைக்கடன் பெருகியது. நகைகளை அடகு வைத்துப் பெற்ற வங்கிக் கடன் 2025 மார்ச்சில் முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேலாகியிருந்தது. வேறு தலைப்பில் இருந்த சில கடன்கள் இதில் மாற்றிக் காட்டப்பட்டதும் ஒரு காரணம் என்றாலும், விலையேறிய தங்கம் பீரோவிலிருந்து வங்கிப் பெட்டகத்துக்கு நகர்ந்தது என்பதில் ஐயமில்லை.

மருத்துவச் செலவு வரும்போதுதான் இதன் பாரம் தெரிகிறது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதே. ஆனால் மீதமுள்ள அந்த 39 சதவீதம் முன்னறிவிப்பின்றி வருவது. நான்கு தவணைகள் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அதற்கென ஒரு பை இருப்பதில்லை.

தவணையின் உண்மையான விலையை அறிய இப்போது ஒரு வழி இருக்கிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று உண்மையில் ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி, செயலாக்கக் கட்டணத்திலோ கைவிடப்படும் தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்றை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதமும், திருப்பிச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையும் அதில் இருக்க வேண்டும். அத்தாளில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி வசூலிக்க முடியாது.